கருவியைக் காப்பது பற்றாகுமா?

கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலையின் பாறைச் சரிவில், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. உடையையும் துறந்துவிடுகின்ற திகம்பர முனிவர்கள், மயிற்பீலி, நீர்க்குண்டிகை, ஆகம நூல் ஆகியவற்றை மட்டும் உபகரணங்களாக வைத்துக்கொள்ளலாம் என்பது சமண ஆசாரம். அவற்றை எடுக்கும்போதும் வைக்கும்போதும் இடத்தை நோக்கி, பீலியால் மெல்லத் துடைத்து, எவ்வுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் நடந்துகொள்ள வேண்டும் என்பது, ஆதான நிக்ஷேபண சமிதி என்ற பெயரால், அவர்களுடைய ஐந்து சமிதிகளுள் ஒன்றாக விதிக்கப்பட்டிருக்கிறது. அனைத்தையும் விட்டவர்க்கே பொருளைப் பேணும் விதி இத்தனை நுணுக்கமாக வகுக்கப்பட்டிருப்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இதை இங்கே எடுத்துரைக்கக் காரணம் உண்டு. இந்தக் கரிசல் பூமியில் முதியவர்கள் பலர் தங்கள் காது மிஷினைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, "இந்த வயசுல இனிமே கேட்டு என்ன ஆகப்போகுது" என்று சொல்லி, அதற்கு வைராக்கியத்தின் சாயலையும் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களை நான் குறை கூறவில்லை. நூற்பாலையின் பேரிரைச்சலில் ஆண்டுக்கணக்காக நின்றவர்க்கு உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்துபோகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகளே முதலில் மறைவதால், பேச்சு காதில் விழும், ஆனால் சொல் விளங்காது. இரைச்சலால் நேரும் செவிட்டுத்தன்மையை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இந்தியத் தொழிலாளர் சட்டமே சேர்த்திருக்கும்போது, அதைப் பூர்வஜன்ம வினை என்று கூறிக் கடந்துபோவது எனக்குச் சம்மதமன்று.

ஆயினும் அவர்களுடைய சொல்லின் அடியில் ஒரு தத்துவ வினா இருக்கிறது. புலன்களை அடக்க வேண்டிய வயதில், அடங்கத் தொடங்கிய புலனைக் கருவி கொண்டு எழுப்புவது ஆசையல்லவா? சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. ஆன்மா தானாக அறியும் ஆற்றல் பெறாமல் ஆணவத்தால் மறைக்கப்பட்டிருப்பதனால், மாயையின் காரியமாகிய உடலும் செவி முதலான ஞானேந்திரியங்களும் அம்மறைப்பைச் சிறிது நீக்கி அறிவு விளங்கத் துணைசெய்கின்றன என்பதும், அவை இறைவனால் உயிர்க்குக் கூட்டப்பட்டவை என்பதும் அதன் கொள்கை. அவ்வாறாயின் நமது செவியே நமக்குச் சொந்தமானதன்று, கூட்டிக் கொடுக்கப்பட்டது. சதையாலானது என்பதால் செவி புனிதமென்றும், பிளாஸ்டிக்காலும் கம்பியாலும் ஆனது என்பதால் அதன் துணைக்கருவி வெறும் சாமான் என்றும் பிரிப்பதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை. 1981 முதல் நடைபெறும் மத்திய அரசின் உதவித் திட்டத்தில், முகாம்களில் இலவசமாகப் பெறப்பட்ட கருவியானால், அது பொதுமக்களின் வரிப்பணம் தந்த தானமும் ஆகிறது. தானமாக வந்ததைப் பாழாக்குவதற்குத் துறவு என்ற பெயர் எவ்வாறு பொருந்தும்?

பேணும் முறையோ எளிது. வேண்டியது சிரத்தை மட்டுமே. இவ்வட்டாரத்தின் வறண்ட காற்று தீப்பெட்டித் தொழிலுக்கு உகந்தது போலவே இந்தக் கருவிக்கும் உகந்ததுதான். ஆனால் கோடைக் காற்று வாரிக்கொண்டு வரும் கரிசல் புழுதியும், காதோரம் வழியும் வியர்வையும், தலையில் தேய்த்த எண்ணெயும் அதன் பகைகள். ஆகவே முகம் கழுவும்போதும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும், முகப்பவுடர் பூசும்போதும் அதைக் கழற்றி வைத்தல் வேண்டும். இரவில் செல் இருக்கும் கதவைத் திறந்து, செல்லை வெளியே எடுத்து, சிலிகா ஜெல் இட்ட டப்பாவில் மிஷினை மூடிவைத்தால் ஈரம் வற்றும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் இதை ஒருநாளும் தவறவிடலாகாது. காதில் பொருந்தும் அச்சை மாத்திரம் மிஷினிலிருந்து பிரித்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, குழாயில் நீர் தங்காமல் ஊதி உலர்த்த வேண்டும். மிஷினின் மேல் நீரோ ஸ்பிரிட்டோ படலாகாது. குறும்பி அடைத்த துளையைக் குண்டூசியால் குத்துவது பெருந்தவறு. பொத்தான் போன்ற செல்லில் ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்று உட்புகுந்து அது வேலை செய்யத் தொடங்கிவிடுவதால், தேவைப்படும்போது உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துப் பொருத்துவதே முறை.

சமண விதியின் உட்பொருள் இங்கேதான் கண்ணெதிரே விளங்குகிறது. தீர்ந்த செல் என்று தரையில் எறிந்ததைத் தவழும் குழந்தை விழுங்கினால், அது உணவுக்குழலில் சிக்கி அவ்விடத்தை அரித்துவிடக்கூடும். கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய ஆபத்து அது. கருவியை எங்கே வைக்கிறோம் என்ற கவனம் அஹிம்சையின் அங்கம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. அதற்கு அப்பாலும் ஒன்று உண்டு. பேரன் மூன்று முறை அழைத்தும் பதிலின்றிப் போகும்போது புண்படுவது அவன் உள்ளம். நம் செவியின்மேல் நமக்குப் பற்றில்லாமல் இருக்கலாம். நம்மை நோக்கிப் பேசுகிறவர்க்கு அதன்மேல் உள்ள உரிமையை நாம் துறக்க இயலாது.

பீரோவில் மிஷினை வைத்திருக்கும் பெரியவர்களை வேண்டிக்கொள்கிறேன்: அதை இந்த வாரமே எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் சென்று, விசில் சத்தம் எழுகிறதா, அச்சு காதுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ளோரும் அவர்கள் முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் நின்று, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள்.