பழகிய வண்டி

மதுரையில் ஒருவரைப் பார்த்து, "என்ன வாகனம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் என்று அவர் பொதுவாகச் சொல்லமாட்டார். "புல்லட்" என்பார், அல்லது "எக்ஸெல்" என்பார். இன்னும் சிலர் பெயரோடு நிறுத்தாமல், "அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் இந்தக் கம்பெனி வண்டிதான்" என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். குலதெய்வத்தைப் பற்றிப் பேசும்போது வருகிற அதே குரல் அப்போது அவர்களுக்கு வந்துவிடுகிறது. இது சிரித்து ஒதுக்கக்கூடிய விஷயம் என்று நினைக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். உயிரில்லாத ஒரு யந்திரத்தின் மேல், அதைவிடவும் உயிரில்லாத ஒரு கம்பெனிப் பெயரின் மேல், மனிதன் வைக்கிற விசுவாசம் எந்த இனத்தைச் சேர்ந்தது? அன்பா, பழக்கமா, அல்லது வெறும் பிடிவாதமா?

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். ராயல் என்ஃபீல்ட் என்ற பெயரில் வருகிற என்ஃபீல்ட் லண்டனை ஒட்டிய ஓர் ஊர். அங்கே அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு நுட்பமான உறுப்புகள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் 1890-களில் ரெட்டிச் என்ற வேறோர் ஊரிலிருந்த கம்பெனிக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் அது தன் சைக்கிள்களுக்கு என்ஃபீல்ட் என்று பெயர் சூட்டிக்கொண்டது. ரெட்டிச்சோ தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். அந்தக் கம்பெனியின் பூர்வீகமும் ஊசித் தொழில்தான். ஊசி செய்த வம்சம், துப்பாக்கி செய்த ஊரின் பெயரைப் போட்டுக்கொண்டு, 1932-ல் தன் மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு 'புல்லட்' என்று நாமகரணம் செய்தது.

பிறகு 1955-ல் மதராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் புல்லட் தயாராயிற்று. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தாய் போன பிறகும் பிள்ளை இங்கே பழைய அச்சிலேயே வண்டியை வார்த்துக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், 1977-ல் அந்த வண்டி திருவொற்றியூரிலிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று. வெள்ளைக்காரன் மறந்துவிட்ட வண்டியைக் கடற்கரைத் தமிழன் அவனுக்கே விற்றான். 1994-ல் கம்பெனி ஐஷர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2010-ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினும் விடைபெற்றது. வலது காலில் இருந்த கியர் இடது காலுக்கு வந்துவிட்டது. ஊர் மாறி, முதலாளி மாறி, எஞ்சின் மாறி, காலும் மாறிய பிறகு மாறாமல் நிற்பது பெட்ரோல் டாங்கியின் மேல் எழுதியிருக்கிற பெயர் ஒன்றுதான். 'அப்பா காலத்திலிருந்தே' என்று பெருமைப்படுகிறவர் இவற்றில் எதற்கு விசுவாசமாக இருக்கிறார்?

அதற்காகப் பெயர் என்பதே பொய் என்றும் நான் சொல்லவில்லை. மதுரைக்காரனால் அப்படிச் சொல்ல முடியாது. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் இங்கே தொடங்கிய நிறுவனத்தின் பஸ்களைப் பார்த்துக் கடிகாரத்தின் முள்ளைத் திருத்திக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். அவர் 1955-ல் காலமானார். 1970-களின் தொடக்கத்தில் பஸ்களும் அரசுடைமை ஆயின. ஆனால் 1980-ல் டி.வி.எஸ். 50 என்ற சின்ன வண்டி ஓசூரிலிருந்து வந்து இறங்கியபோது, நம் பக்கத்து ஜனங்கள் அந்த மூன்று எழுத்தைப் புதியதாகப் பார்க்கவில்லை. எந்த டிரைவரோ, எந்தக் கண்டக்டரோ, எந்தப் பணிமனைத் தொழிலாளியோ அரை நூற்றாண்டு சரியான நேரத்துக்கு வேலை செய்து வைத்துவிட்டுப் போன நம்பிக்கை அது. பெயர் என்பது யாரோ பாடுபட்டுச் சேர்த்த முதல். பின்னால் வருகிறவர்கள் அதை எடுத்துச் செலவழிக்கிறார்கள். சிலர் கூட்டியும் வைக்கிறார்கள்.

மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி என்று எந்தச் சாலையில் காலை ஆறு மணிக்கு நின்றாலும் அந்தச் சின்ன வண்டியின் வாரிசுகள் பால் கேன்களையும், தேங்காய் மூட்டைகளையும், தலைகீழாகத் தொங்கும் கோழிகளையும் சுமந்துகொண்டு போவதைக் காணலாம். எத்தனை வருஷத்து வண்டி என்று ஒரு பால்காரரைக் கேட்டேன். "ஓடுதுங்க" என்றார். அவருக்குத் தெரிந்த வயது அவ்வளவுதான். புல்லட்காரர்களின் பெருமையில் நூற்றில் ஒரு பங்கு அவரிடம் இல்லை. ஆனால் மாலையில் அந்த வண்டியைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மழை படாமல் மாட்டுக் கொட்டகையில் நிறுத்தும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும்.

திருமங்கலத்துக்கு அப்பால் கரிசல் பூமியில் விவசாயம் பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய தகப்பனார் 1960-களில் வாங்கிய புல்லட் அவரிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிலிண்டரை இரண்டு முறை போர் செய்தாயிற்று. பிஸ்டன், கார்புரேட்டர், கிளட்ச், இரண்டு சக்கரங்கள், சீட் எல்லாம் மாறியாயிற்று. டாங்கிகூட வேறொரு வண்டியுடையது. சென்ற வருஷம் எஞ்சினை முழுக்க இறக்கி வேலை பார்த்ததில் ஒரு போகத்துப் பருத்திப் பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. வீட்டு அம்மாள் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. கல்லூரியில் படிக்கும் மகன் மட்டும் கேட்டுவிட்டான்: "தாத்தா ஓட்டின வண்டிங்கிறீங்களே அப்பா, அதுல தாத்தா தொட்டது இப்ப என்னதான் மிச்சம் இருக்கு?"

நண்பர் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவந்து சேஸிஸ் நம்பரைக் காட்டினாராம். பையன் சிரித்துவிட்டு எழுந்துபோனான்.

பையன் கேட்டது மிகப் பழைய கேள்வி. தீஸியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து வந்தார்கள். பலகை உளுத்தபோதெல்லாம் புதுப் பலகை பூட்டினார்கள். கடைசியில் இது அதே கப்பல்தானா, வேறா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வழக்காடினார்கள் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2009 ஏப்ரலில் மீனாட்சியம்மன் கோயிலில் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் கோபுரங்களுக்குச் சாரம் கட்டி, சிதைந்த சுதைகளைச் செப்பனிட்டுப் புது வர்ணம் தீட்டினார்கள். சாரம் பிரித்த அன்று, 'இது வேறு கோபுரம்' என்று மதுரையில் ஒரு குழந்தைகூடச் சொல்லவில்லை. அந்த ஏதென்ஸ் நகரத்துத் தச்சர்களை ஏன் யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவர்கள் உளுத்த பலகையை மாற்றாமல் விட்டிருந்தால் தத்துவவாதிகளுக்கு வழக்காடக் கப்பலே இருந்திராது. நண்பருடைய வண்டியில் தகப்பனார் தொட்ட இரும்பு குறைந்துபோயிருக்கலாம். தகப்பனார் தொடங்கிய கவனிப்பு நடுவில் ஒருநாளும் அறுந்துபோகவில்லை. பையனுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இது. அவன் என்னைக் கேட்கவில்லை.

ஆனால் கவனிப்பு என்று சொல்லிவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுமா? இங்கேதான் விஷயம் கொஞ்சம் கடினமாகிறது.

திருக்குறளில் பழைமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. நெடுநாள் பழகிய நண்பன் உரிமையால் சில தொல்லைகள் தருவான்; அவற்றைப் பொறுத்துக்கொள்வதே நட்புக்கு அழகு என்கிறது அது. பழைய வண்டியும் இப்படி உரிமை எடுத்துக்கொள்ளும். பழைய புல்லட்டைக் கிளப்புவதற்கு ஒரு சாஸ்திரமே உண்டு. சாவியைப் போட்டுவிட்டு, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்க வேண்டும். பிறகு டிகம்ப்ரஸர் பிடியை இழுத்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை அமுக்கி, பிடியை விட்டு, அதற்கப்புறம்தான் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர்கள் பலர். நண்பர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவருடைய கால், அவருடைய வண்டி. பொறுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.

புகை அப்படியல்ல. யமஹா ஆர்.எக்ஸ். 100 என்ற வண்டி 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாராயிற்று. அது நின்றுபோன பிறகு பிறந்த பையன்கள் இன்று அதைத் தேடிப் பிடித்து, புது வண்டியின் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிப்பது அந்த எஞ்சினின் சுபாவம். போதாததற்குச் சத்தம் வேண்டும் என்று சைலன்சரையும் குடைந்துவிடுகிறார்கள். மாசி வீதியின் நெருக்கத்தில் அது கக்கும் புகையை ஓட்டுகிறவன் சுவாசிப்பதில்லை. பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிக்கூடத்துச் சிறுமி சுவாசிக்கிறாள். என் நண்பன் என்னிடம் எடுத்துக்கொள்ளும் உரிமையை நான் மன்னிக்கலாம். அவன் அடுத்த வீட்டாரிடம் எடுத்துக்கொண்டால், அவர்களுக்குப் பதிலாக நான் மன்னித்துவிட முடியாது. பழைய வண்டியைப் பாசத்தோடு வைத்திருக்கிறேன் என்கிறவர், அந்தப் பாசத்தின் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பதினைந்து வருஷமான வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தபோது நண்பர்கள் பலர் குமுறினார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படவில்லை.

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் பழைய வண்டிகளுக்கென்றே ஒரு மெக்கானிக் இருக்கிறார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எஞ்சின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பார். டாக்டர் மார்பில் குழலை வைத்துப் பார்ப்பது போலத்தான். ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்த ஓர் இளைஞன் வந்து சத்தம் இன்னும் கூட வேண்டும் என்றான். பாய் தலை நிமிராமலே சொன்னார்: "சத்தம் வேணும்னா வேற எடம் பாருங்க தம்பி. புகை குறையணும்னா வண்டிய விட்டுட்டுப் போங்க." இளைஞன் வேறு இடம் பார்க்கப் போய்விட்டான். பாய்க்கு அன்று அந்த வருமானம் போயிற்று.

அவரிடம் வரும் வண்டிகளில் சில, கம்பெனியே இல்லாமல் போனவை. மைசூரில் 1961-ல் தொடங்கி முதலில் ஜாவாவையும் பிறகு யெஸ்டியையும் செய்து வந்த தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. ஜாவா என்ற பெயர் 2018-ல் வேறு கைகளில் திரும்பி வந்தது. நடுவில் இருபத்திரண்டு வருஷம் அந்த வண்டிகளுக்கு விசுவாசம் காட்டக் கம்பெனி இல்லை, ஏஜென்ஸி இல்லை, விளம்பரம் இல்லை. ஆனாலும் அவை ஓடின. பாயைப் போன்றவர்கள் ஒரு புஷ்ஷைக் கடைசல் பிடித்தோ, செத்த வண்டியிலிருந்து ஓர் உறுப்பைக் கழற்றியோ ஓட வைத்தார்கள். பெயருக்குச் செய்யும் வணக்கத்தில் ஒரு பங்காவது அந்தக் கைகளுக்குச் சேர வேண்டாமா? பெட்ரோல் டாங்கியில் அவர்கள் பெயரை யாரும் எழுதுவதில்லை.

பாய்க்கு வயதாகிவிட்டது. ஒரு பிள்ளை துபாயில் இருக்கிறான். இன்னொருவன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி சர்வீஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்கிறான். அங்கே கம்ப்யூட்டரைச் செருகினால் அதுவே கோளாறைச் சொல்லிவிடுமாம். சந்துக் கடையின் பரணில் பிஸ்கட் டப்பாக்களில் பழைய உறுப்புகள் குவிந்து கிடக்கின்றன. எந்த டப்பாவிலும் ஓர் எழுத்துக் கிடையாது. ஏன் எழுதி வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியுமே ஸார்" என்றார்.

திருமங்கலத்து நண்பர் இப்போது சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து அந்தக் கடையில் உட்கார்ந்துகொள்கிறார். பாய் ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, இது எந்த வண்டி, எந்த வருஷம், எதற்குப் பொருந்தும் என்று சொல்லச் சொல்ல, அவர் ஒரு நோட்டில் எழுதித் துண்டுச் சீட்டும் ஒட்டுகிறார். போன வாரம் நான் எட்டிப் பார்த்தபோது மூன்றாவது டப்பாவில் பாதி ஆகியிருந்தது. பரணில் மொத்தம் பதினொன்று இருக்கின்றன.