தக்கவைப்பு உரிமையின் அறம்

தக்கவைப்பு உரிமை என்பது, ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பிறருக்கு முந்தித் தன்னிடமே வைத்துக்கொள்ள ஓர் அணிக்கு லீக் தரும் முன்னுரிமை. எல்லா அணிகளின் சம்பளச் செலவுக்கும் உச்சவரம்பு இருக்கும் இடத்தில்தான் அதற்கு மதிப்பு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, 1984-85 பருவத்தில் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று வரம்பு வைத்தபோது, சொந்த வீரரை மறுபடி ஒப்பந்தம் செய்வதற்கு மட்டும் வரம்பைத் தாண்டலாம் என்று விலக்களித்தது. பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் லாரி பேர்டின் பெயரால் அந்த விலக்கு வழங்குகிறது. ஆனால் வீரர் கையெழுத்திடும்வரை அவருக்கென ஒரு தொகை அணியின் வரம்புக் கணக்கில் ஏறி நிற்கும். அந்த இடத்தில் வேறொருவரை வாங்க வேண்டுமென்றால், பழைய வீரர்மேலுள்ள முன்னுரிமையை அணி கைவிட வேண்டும்.

இந்தியக் கிரிக்கெட் லீக்கான ஐபிஎல்லில் இதே உரிமை இரண்டு வடிவங்களில் இருக்கிறது. 2025 பருவத்துக்காக ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் வரம்பு. ஏலத்துக்கு முன் நேரடியாகத் தக்கவைப்பதும், பிற அணி சொன்ன விலையைக் கொடுத்துத் தன் பழைய வீரரைத் திரும்பப் பெறும் ஆர்டிஎம் கார்டை ஏலத்தில் பயன்படுத்துவதும் சேர்த்து ஆறு பேர் வரை. 2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் ரச்சின் ரவீந்திராவைப் பஞ்சாப் கேட்டது; சென்னை கார்டை நீட்டியது; பஞ்சாப் கடைசி விலையாக 4 கோடி சொன்னது; சென்னை அதே விலையைக் கொடுத்து அவரைத் திரும்பப் பெற்றது. ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் என்ற கணக்கில் தோனியையும் அதே 4 கோடிக்குத் தக்கவைத்தது.

இங்கே எழும் கேள்வி பொருளாதாரத்தோடு நிற்பதில்லை. ஒரு மனிதர்மேல் இன்னொருவருக்கு உரிமை இருக்க முடியுமா? முடியுமென்றால் அது எதன்மேல்: ஆள்மேலா, உழைப்பின்மேலா, அவர் அடுத்து எங்கே போகலாம் என்பதன்மேலா?

சைவ மரபு இந்தக் கேள்வியை ஒரு வழக்காகவே நடத்திக் காட்டியிருக்கிறது. பெரியபுராணத்தின்படி, புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு முதிய அந்தணர் வந்து, அவர் தனக்கு அடிமை என்கிறார். சுந்தரரின் பாட்டனார் தன்னையும் தன் வழிவந்தோரையும் அடிமையாக எழுதிக்கொடுத்த ஓலையே சான்று. சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துப்போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. முதியவர் மூல ஓலையை எடுத்து வைக்க, சபையார் கையெழுத்தை ஒப்புநோக்கி அவர் பக்கமே தீர்ப்புச் சொல்கிறார்கள். முதியவர் கோயிலுக்குள் புகுந்து மறைந்த பிறகே, ஆட்கொண்டவர் சிவன் என்று தெரிகிறது.

கதையில் பக்தி எவ்வளவு உண்டோ அவ்வளவு எதிர்ப்பும் உண்டு. தான் பிறக்குமுன் எழுதப்பட்ட ஓலைக்குத் தான் கட்டுப்பட்டவன் என்பதைச் சுந்தரர் ஏற்கவில்லை. கிழித்த செயலே அதற்குச் சாட்சி. பின்னர் ஏற்றது, கேட்டவர் இறைவன் என்பதால். உயிர்களுக்கெல்லாம் தலைவனான பதி ஒருவனே என்பது சைவ சித்தாந்தம். அந்த உறவில் மனிதர் எவரும் பதியின் இடத்தில் அமர முடியாது. சிவனுக்கு அடிமை என்று உருகிய அப்பர், பல்லவ மன்னனின் அழைப்புக்கு இணங்க மறுத்ததும் இதே நிலையிலிருந்துதான். ஆள்மேல் உடைமை இறைவனுக்கு மட்டுமே என்றால், ஓர் அணி கோரக்கூடியது அதைவிட மிகச் சிறியதாகவே இருக்க வேண்டும்.

மேற்கத்தியத் தத்துவத்தில் இந்த விவாதத்துக்குள் ஒரு கூடைப்பந்து வீரரே வருகிறார். ராபர்ட் நோசிக் 1974-இல் எழுதிய நூலில், வில்ட் சேம்பர்லேனைக் காண வரும் பத்து லட்சம் பேர் ஆளுக்கு 25 சென்ட் மனமுவந்து தந்தால், அவர் செல்வந்தர் ஆவதில் அநீதி எங்கே என்று கேட்கிறார். அந்த எடுத்துக்காட்டு நிற்பதற்கு, வீரர்கள் ஆண்டு முடிவில் எந்த அணிக்கும் போகலாம் என்று நோசிக் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைய என்பிஏவில் அந்தச் சுதந்திரம் இல்லை. அதைக் கேட்டு வீரர் சங்கத் தலைவர் ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-இல் போட்ட வழக்கு 1976-இல்தான் சமரசத்தில் முடிந்தது. மனமுவந்த பரிமாற்றம் என்ற வாதத்துக்கு, வெளியேறும் வழி இருப்பது முதல் நிபந்தனை.

வெளியேறும் வழி அடைபடுவது தமிழ்நாட்டின் திண்டுக்கல் வட்டாரத்துக்குத் தொலைவிலுள்ள விஷயமே அல்ல. மாவட்டத்தின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு வேலைக்கு எடுத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன வழக்கம் ஊரறிந்தது. இடையில் நின்றால் அந்தத் தொகை போய்விடும் என்ற பயமே பூட்டாக இருந்தது. முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கோடிகளில் ஊதியம் பெறும் வீரரைக் கொத்தடிமையோடு ஒப்பிடுவது உண்மையில் துன்புற்றவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனாலும் இரண்டையும் அளக்கும் கேள்விகள் ஒன்றே: கட்டுப்பட்டவர் தாமே ஒப்புக்கொண்டாரா, அதற்கு முடிவுத் தேதி உண்டா, மறுத்தால் பிழைக்க வேறு வழி உண்டா?

இந்தக் கேள்விகளுக்கு முன் என்பிஏவின் விதி ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. உச்சவரம்பையும் விலக்கையும் வீரர் சங்கம் பேரம் பேசி ஒப்புக்கொண்டது. பேர்டு விலக்கு பிற அணிகளுக்குக் கதவைச் சாத்துவதில்லை. பழைய அணிக்குக் கூடுதலாகக் கொடுக்க இடம் தருகிறது, அவ்வளவே. வீரர் அந்தப் பணத்தை மறுத்துவிட்டு வேறு ஊருக்குப் போகலாம். ஆகவே அது பணம் கொடுக்கும் வாய்ப்பின்மேலான உரிமை, ஆள்மேல் படிவதில்லை.

இந்தியக் கிரிக்கெட்டின் நிலை இதைவிடப் பலவீனமானது. ஆர்டிஎம் கார்டு வீரரின் விலையைக் குறைப்பதில்லை என்பது சரி. ஆனால் எந்த அணி என்று முடிவாகும் அந்த நேரத்தில் அவரைக் கேட்பவர் இல்லை. ஏலத்துக்கு வெளியே அணிகள் தமக்குள் செய்துகொள்ளும் வீரர் மாற்றத்துக்கு வீரரின் சம்மதம் தேவை. 2025 நவம்பரில் ஜடேஜா சென்னையிலிருந்து ராஜஸ்தானுக்குப் போனது அந்த வழியில்தான். ஏலத்தில் அப்படியில்லை. 2019-இல் அமைந்த இந்தியக் கிரிக்கெட்டர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருப்பவர்களுக்காகப் பேரம் பேச அமைப்பு இல்லை. ஆடும் ஆண் வீரர்கள் வெளிநாட்டு டி20 லீக்குகளுக்குப் போக வாரியம் அனுமதிப்பதுமில்லை. 2024-இல் திண்டுக்கல் டிராகன்ஸுக்குத் தமிழ்நாட்டு டி20 லீக்கான டிஎன்பிஎல் கோப்பையை வென்று தந்த அஸ்வினாலேயே, 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்து விலகிய பிறகுதான் ஆஸ்திரேலிய லீக்கில் ஒப்பந்தமாக முடிந்தது.

அஸ்வினுக்கு அது ஆட்டக்காலத்தின் கடைசியில் வந்த முடிவு. திண்டுக்கல் மாவட்டத்தின் ஆத்தூரிலிருந்தோ சித்தையன்கோட்டையிலிருந்தோ நத்தம் மைதானத்தைக் கனவு காணும் பதினெட்டு வயதுப் பையனுக்கு முதல் ஒப்பந்தத்திலேயே வேறு வழி உண்டா என்ற கேள்வி நிற்கிறது. 2016-இல் தொடங்கிய டிஎன்பிஎல் 2023 முதல் ஏலமுறைக்கு வந்துவிட்டது; அவனுடைய அணியை அந்த ஏலமே தீர்மானிக்கும். மறுத்துவிட்டு அதே ஆட்டத்தை வேறு நாட்டில் ஆட வழியில்லாதவரை, அவனுடைய கையெழுத்தை முழுச் சம்மதம் என்று கொள்ள முடியாது. தக்கவைப்பை ஒழித்தால், இருக்கும் அணியிலேயே தொடர விரும்பும் வீரரையும் அந்த அணி இழக்கக்கூடும். ஆகவே ஒழிப்பதும் தீர்வாகாது. ஆடும் வீரர்களுக்கென ஒரு சங்கம், அந்தச் சங்கம் ஒப்புக்கொண்ட கால எல்லை, ஏலத்துக்கு முன் விருப்பத்தைப் பதிவுசெய்யும் வாய்ப்பு ஆகிய மூன்றும் அமைந்தால் இந்த உரிமை அறத்துக்குள் வரும்.