திரையில் தெரியும் தீபாராதனை

திருத்தணி மலைக்கு 365 படிகள். நாளுக்கொரு படி என்பது கணக்கு. டிசம்பர் 31 அன்று படிக்குப் படி பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். ஏறவே முடியாத மூட்டுவலிக்காரருக்குக் கைபேசியில் தெரியும் தீபாராதனையைத் தரிசனம் என்று சொல்லலாமா?

2020 மே 4 அன்று, ஊரடங்கின் நடுவே, மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பானது. பல பெண்கள் வீட்டில் திரைமுன் அமர்ந்து தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது வெறும் படமல்ல.

ஆனால் நேரலை என்பதே முழு உண்மையில்லை. காட்சி சில விநாடிகள் பிந்தித்தான் வருகிறது. டிஜிட்டல் வீடியோச் சுருக்கத்தில் முழுப் படம் அவ்வப்போதுதான் அனுப்பப்படும். இடையில் பெரும்பாலும் மாறிய பகுதிகளின் விவரம் மட்டுமே போகும். அசையாத திருமேனி பழைய படத்திலிருந்தே நகலாகிறது. புதிதாக வருவது அசையும் சுடர்தான். தரிசனத்தின் மறுபாதி, சாமி நம்மைப் பார்ப்பது. கேமராவோ ஒருவழிப்பாதை.

அப்படியானால் தூரம் தடையா? திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியே சென்னை போகும் ரயில் பாதையிலேயே பதில் இருக்கிறது: திருநின்றவூர். அவ்வூர்ச் சிவனடியார் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவனின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிச் சிவன் பூசலாரிடம் போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பூசலாருக்கு அது நெடுநாள் உழைப்பு. விரலால் தள்ளிவிட்டு அடுத்த காணொளிக்குப் போகிறவரை அவரோடு சேர்க்க மனம் வரவில்லை, மூட்டுவலிக்காரரைச் சேர்க்கலாம்.

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. நிர்வாகத்தின் கேமராவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.