கத்தி படாத மையித்து

வீட்டில் ஒருவர் திடீரென மறைந்துவிட்டால், அழுகைக்கு நடுவிலும் நம் குடும்பங்களில் எழும் முதல் அச்சம், “மையித்தை அறுத்துவிடுவார்களோ?” என்பதே. குளிப்பாட்டி, கபனிட்டு, தொழவைத்து விரைவில் அடக்க வேண்டிய உடலைக் கிழித்துத் தைத்துத் தருவதை எந்த மகன் பொறுப்பான்? உயிருள்ளவருக்குரிய கண்ணியம் இறந்தவருக்கும் உண்டென்பது நாம் வழிவழியாகக் கொண்டுள்ள கொள்கை.

இந்த மன்றாட்டுக்கு விஞ்ஞானம் இன்று ஒரு விடை தந்துள்ளது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டிர்ன்ஹோபர், தாலி முதலிய சட்ட மருத்துவ அறிஞர்கள், சி.டி. ஸ்கேன் கொண்டு உடலை அறுக்காமலே ஆராயும் முறையை வளர்த்தனர். தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும் 2021இல் இது தொடங்கப்பட்டது. உறையிலிட்ட உடலை உறையோடே கருவிக்குள் செலுத்தலாம். எலும்பு முறிவும், மண்டைக்குள் தேங்கிய இரத்தமும் படத்தில் தெரிந்துவிடும்.

எனினும், தேங்கிய இரத்தத்தைக் காட்டும் படம், அது கசிந்த குழாயை எளிதில் காட்டுவதில்லை. உயிருள்ளவரிடம் இருதயமே மருந்துநீரை உடலெங்கும் கொண்டுசெல்லும். நின்றுவிட்ட இருதயம் என்ன செய்யும்? ஆகவே கழுத்திலோ தொடை மடிப்பிலோ சிறு கீறலிட்டு, வெளியிலிருந்து அந்நீரைச் செலுத்த வேண்டியிருக்கிறது. (விந்தை என்னவெனில், இக்கலை பிறந்ததே உயிரற்ற உறுப்பில்தான். ரான்ட்ஜன் தம் கதிர்களைக் கண்டறிந்த சில வாரங்களில், 1896 ஜனவரியில், வியன்னாவில் ஹாஷெக்கும் லிண்டன்தாலும் உயிரற்ற ஒரு கையின் இரத்தக் குழாய்களைப் படமெடுத்தனர்.) கீறலும் வேண்டாமென்றால் படம் பல வேளை ஊமையாகிவிடும். சாதாரண ஸ்கேன், இருதயக் குழாய் அடைப்பையும் நுரையீரலில் சிக்கிய இரத்தக்கட்டியையும் தவறவிடுவதுண்டென்று 2012இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு காட்டியது. நஞ்சையோ அது அறியவே அறியாது.

அப்படியானால் நாம் காக்க விரும்புவது எதை? தோலையா, அத்தோலுக்கு உரியவரின் உரிமையையா?

ஓர் இளம்பெண் புகுந்த வீட்டில் இறக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்கிறார்கள். குளிப்பாட்டும் பெண்கள் உடலில் காயமொன்றும் காணவில்லை. வயிற்றில் விழுந்த அடியால் மண்ணீரல் கிழிந்து, உள்ளுக்குள்ளேயே இரத்தம் பெருகி உயிர் போகலாம். வெளியே ஒரு கன்றலும் இல்லாமலிருக்கலாம். இந்நிலையில் “எங்கள் மருமகளை அறுக்காதீர்கள், கண்ணியத்தோடு அடக்கிவிடுகிறோம்” என்று உரக்கக் குரலெழுப்புபவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டாமா? அக்குரல் மெய்யான துயரத்திலிருந்தும் எழலாம். மண்ணுக்குள் எதையோ மறைக்கும் அவசரத்திலிருந்தும் எழலாம். கண்ணியத்தின் பெயரால் அவளுக்குரிய நீதியைப் புதைப்பது, கத்தியைவிடப் பெரிய அவமதிப்பு என்றே நாம் கருதுகிறோம்.

இதனால் எல்லா உடல்களையும் அறுத்தே தீரவேண்டுமென்று கூறவில்லை. ஐயத்துக்கு இடமில்லாத முதியவரின் மரணத்திலும் வெறும் வழக்கத்துக்காகக் கத்தியை எடுப்பது கொடுமையே. முதலில் படம், அது போதாதபோது கீறல், அதுவும் போதாதபோது மட்டும் அறுவை என்ற வரிசையை அரசு ஆஸ்பத்திரிகளில் நாம் கேட்டுப் பெறலாம். சமூகப் பெரியவர்கள் அதிகாரிகளிடம் சொல்லும் சொல், “விட்டுவிடுங்கள்” என்பதிலிருந்து “முதலில் படமெடுங்கள்” என்று மாறட்டும். அச்சொல்லை மாமனார் மட்டும் சொன்னால் போதாது; பெண்ணைப் பெற்றவர்களையும் அருகில் அழைத்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.