யாருடைய உக்கிராணம்?

ஒரு நகரம் யாருக்கு உரியது? சட்டம் அறிந்தாரைக் கேட்டால், நிலத்தின் உறுதி யார் பெயரில் முடிக்கப்பட்டிருக்கின்றதோ அவர்க்கு உரியது என்பர். ஆட்சியாளரைக் கேட்டால், வரி இறுப்பவர்க்கு உரியது என்பர். கிறிஸ்தவ போதகரைக் கேட்டாலோ, உலகத்துப் பொருள் யாவும் இறைவனுடையன. மனிதர் அவற்றைச் சில காலம் பேணிக் காக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்று விடை கூறுவார். இப்பொறுப்பாளனைத் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'உக்கிராணக்காரன்' என்று குறிப்பிடுகின்றது.

உக்கிராணம் நமக்குப் புதிய சொல்லன்று. கோயில் மடைப்பள்ளிக்கும் கலியாண வீட்டுக்கும் வேண்டிய அரிசியும் பருப்பும் வைத்துக் காக்கும் அறை அது. அதன் திறவுகோல் ஒருவர் கையில் இருக்கும். உள்ளே இருக்கும் பண்டம் ஊருடையது. இவ்வளவிற் சிக்கல் ஏதுமில்லை. திறவுகோலை வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்பவர் யார் என்று வினவும்போதே சிக்கல் தொடங்குகின்றது. தருமகர்த்தாவாக வந்தவர் காலப்போக்கில் உடைமையாளராக மாறிவிட்ட கதைகளை நம்மில் அறியாதார் யார்?

நலிந்து சிதையும் நகரங்களை மீட்டெடுப்பதிற் கிறிஸ்தவத் தலைமைக்குப் பங்கு உண்டா, உண்டாயின் அது எத்தகையது என்பதை இவ்வினாவை முன்வைத்தே நாம் ஆராய விரும்புகின்றோம். இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களை எடுத்துக்கொள்வோம். செல்வத்தின் உச்சியையும் நகரச் சிதைவின் ஆழத்தையும் ஒருங்கே கண்ட நாடு அது. உக்கிராணம் என்னும் கருத்து ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான இரு வழிகளிற் கையாளப்பட்டதும் அங்கேதான்.

முதலாவது வழி செல்வரின் வழி. உருக்கு ஆலைகளின் அதிபதியான அன்ட்ரூ கார்னெகி 1889 ஆம் ஆண்டிற் செல்வத்தைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரையொன்றை எழுதினார். மிகுதியான செல்வம் செல்வனிடம் ஒப்படைக்கப்பட்ட பொதுப்பொருள் என்றும், ஏழைகள் தமக்குத் தாமே செய்துகொள்ளக் கூடியதிலும் மேலாக அவன் அவர்களுக்குச் செய்துகொடுப்பான் என்றும் அவர் வாதித்தார். கேட்பதற்கு இனிய கொள்கைதான். ஆனால் மூன்றே ஆண்டுகளின் பின், 1892 இல், பிற்ஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஹோம்ஸ்ரெட்டில் அவருடைய ஆலைத் தொழிலாளர் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்றபோது, கதவுகள் அடைக்கப்பட்டன, ஆயுதந் தாங்கிய கூலிக் காவலர் ஆற்று வழியே கொண்டுவரப்பட்டனர், இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின, மாநிலப் படை வந்திறங்கியது, தொழிற்சங்கம் முறியடிக்கப்பட்டது. அதே மக்களுக்கு 1898 இல் அழகியதொரு நூலகம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உலைக்களத்தில் நின்றவன் எந்த நேரத்தில் அந்நூலகத்துக்குச் செல்வான் என்று எவரும் கேட்டிலர். அந்த ஆலை 1986 இல் மூடப்பட்டது. ஆலையை நம்பி வளர்ந்த ஊர் வெறிச்சோடியபோது, அதன் செல்வத்தைக் காத்து நின்ற பொறுப்பாளர் எவரும் கணக்கொப்புவிக்க வரவில்லை.

இதைக் கண்ட முற்போக்காளர், உக்கிராணம் என்பது சுரண்டலுக்கு இடப்பட்ட சமயப் போர்வை என்று முடிவு கட்டினால் அதில் வியப்பில்லை. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். மதத்தை அபின் என்று மார்க்ஸ் 1844 இல் எழுதியதை மேடைதோறும் எடுத்துரைப்போர், அதே பகுதியில் மதத்தைத் துன்பத்துக்கு எதிரான முறையீடாகவும் அவர் கண்டதை மறந்துவிடுகின்றனர். முறையீடு முனகலாகவே முடிந்துவிடுமா, அன்றி ஓர் அமைப்பாகத் திரளுமா என்பதே ஆராயப்படவேண்டியது. இரண்டாவது வழி இங்கேதான் பிறக்கின்றது.

நியூயோர்க் மாநகரின் புரூக்ளின் பகுதியிற் கிழக்கே அமைந்த பிரவுண்ஸ்வில், கிழக்கு நியூயோர்க் ஆகிய வட்டாரங்கள் தொழிலாளர் குடியிருப்புகளாகும். 1960களிலும் 1970களிலும் அவை அழிந்துகொண்டிருந்தன. கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் குடியேறிய தெருக்களுக்கு வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தன. பழுதுபார்ப்பதிலும் கைவிடுவதே இலாபம் என்று கண்ட உரிமையாளர் கட்டடங்களைக் கைவிட்டனர். காப்புறுதிப் பணத்துக்காகத் தீ மூட்டப்பட்டனவும் உண்டு. 1975 இல் மாநகரசபையே கடனில் மூழ்கி, தீயணைப்பு நிலையங்களையும் ஏனைய சேவைகளையும் குறைத்தது. 1976 இல் மாநகரின் வீடமைப்புப் பொறுப்பிலிருந்த ரொஜர் ஸ்ரார் என்பவர், இத்தகைய வட்டாரங்களிலிருந்து பொதுச் சேவைகளைப் படிப்படியாக விலக்கிக்கொள்ளும் 'திட்டமிட்ட சுருக்கம்' என்னும் யோசனையை வெளிப்படையாகவே முன்வைத்தார். உரிமையாளரும் வங்கியும் ஆட்சியும் கைவிட்ட பின், அங்கே எஞ்சி நின்ற பொது நிறுவனங்களுட் பெரும்பாலானவை வழிபாட்டுச் சபைகளே.

1980 அளவில் அச்சபைகள் சில ஒன்றுசேர்ந்து 'கிழக்கு புரூக்ளின் சபைகள்' என்னும் அமைப்பை நிறுவின. இதற்கு வழிகாட்டியது, 1940 இற் சிக்காகோவில் சோல் அலின்ஸ்கி தொடங்கிய ஒழுங்கமைப்பு மரபாகும். அலின்ஸ்கி கிறிஸ்தவர் அல்லர். யூத குடும்பத்திற் பிறந்தவர். சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில், 1939 இல், கத்தோலிக்க துணை ஆயர் பேர்ணாட் ஷீலையும் தொழிற்சங்கத் தலைவர் ஜோன் லூயிசையும் ஒரே மேடையில் ஏற்றிய முயற்சியில் அவர்க்குப் பெரும்பங்குண்டு. மக்கள் தாமே செய்துகொள்ளக் கூடியதை அவர்களுக்காகப் பிறர் செய்யலாகாது என்பது அம்மரபின் கண்டிப்பான விதி. கார்னெகியின் கொள்கையைத் தலைகீழாக நிறுத்திவைத்தாற் போன்றது இது.

புரூக்ளின் சபையார் முதலில் வானளாவிய திட்டம் எதனையும் தீட்டவில்லை. அங்கத்துவச் சபை ஒவ்வொன்றும் சந்தா செலுத்தியது. பிறர் பணத்தை நம்பிய அமைப்பு பிறர் சொல்லுக்கே ஆடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பெயர்ப்பலகைகள் இல்லாது கிடந்த தெருக்களுக்கு அவற்றை இடுமாறு மாநகரசபையை நெருக்கினர். நிறையிலும் தரத்திலும் ஏய்த்த கடைகளைக் கூட்டமாகச் சென்று பரிசோதித்தனர். இவை சிறு காரியங்களே. ஆயினும், தன் தெருவின் பெயரை மாநகரசபை எழுதி வைக்கவேண்டும் என்று கேட்டுப் பெற்ற பெண், அடுத்த நாள் அத்தெருவில் வீடு வேண்டும் என்று கேட்பாள். சிறு வெற்றியிலேதான் பெருங் கோரிக்கை கருக்கொள்கின்றது.

அப்பெருங் கோரிக்கைக்கு அவர்கள் இட்ட பெயர் 'நெகேமியா திட்டம்'. ஐ. டி. ரொபின்ஸ் என்னும் கட்டட வல்லுநர், வரிசை வீடுகளை ஒரே இடத்திற் பெருந்தொகையாகக் கட்டினால், வீடொன்றை ஏறக்குறைய 50,000 டொலருக்குக் கொடுக்கலாம் என்று கணக்கிட்டார். கத்தோலிக்க ஆயர் பிரான்சிஸ் முகவேரோவும் லூதரன் முதலான பிற திருச்சபைகளும், கட்டுவதற்கான முதலை வட்டியின்றிக் கடனாகக் கொடுத்தன. ஒரு வரிசை வீடுகள் விற்றதும் அதே பணம் அடுத்த வரிசைக்குச் சென்றது. மாநகரசபையிடமிருந்து வெறுங்காணிகளும், வீடொன்றுக்கு 10,000 டொலர் வட்டியில்லாக் கடனும் போராடிப் பெறப்பட்டன. 1982 இல் அத்திவாரம் இடப்பட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் 2,000 வீடுகளுக்கு மேல் எழுந்து நின்றன. பப்ரிஸ்ற் போதகர் ஜோனி றே யங்பிளட் போன்றோர் இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றனர். ஆயின், கூட்டங்களில் எழுந்து மேயரிடம் விடை கேட்டவர்கள் தாதிகளும் பேருந்துச் சாரதிகளும் துப்புரவுத் தொழிலாளரும் அவர்தம் மனைவிமாருமே. தலைமை என்பது இங்கே ஒருவரின் குரலாக நில்லாது, பலர் பேசக் கற்றுக்கொள்ளும் பயிற்சியாக மாறிற்று.

இதனிலும் ஆழமான பாடம் பால்ரிமோர் நகரிலிருந்து வந்தது. துறைமுகமும் உருக்குத் தொழிலும் நலிந்த அந்நகரிற் சபைகள் ஏழைகளுக்குக் கஞ்சித்தொட்டிகள் நடத்தின. வரிசையில் நிற்பவர்களைக் கூர்ந்து நோக்கியபோது அவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். வந்தவர்களுட் பலர் வேலையற்றோர் அல்லர். நாள்முழுதும் உழைத்தும் உண்ணப் போதாதவர். அவர்களிற் சிலர் மாநகரசபையின் ஒப்பந்தக்காரரிடமே துப்புரவு வேலை செய்தவர்கள். அவ்விடத்தில் இரண்டு பாதைகள் இருந்தன: இன்னுமொரு அண்டா வாங்குவது, அல்லது கூலியைப் பற்றிக் கேட்பது. சபைகளின் அமைப்பும் பொதுத்துறைத் தொழிற்சங்கமும் கைகோத்துக் கேட்டன. 1994 இல், மாநகர ஒப்பந்தங்களிற் பணிபுரிவோர்க்கு மணிக்கு 6.10 டொலர் வாழ்க்கைக் கூலி வேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது. அன்று நாட்டின் குறைந்தபட்சக் கூலி 4.25 டொலர். ஏனைய நகரங்கள் பலவும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றின. அறம் என்னும் பெயரால் அண்டா பெருகிக்கொண்டே போவது ஒப்பந்தக்காரனுக்குக் கொடுக்கும் மறைமுக மானியம் என்பதை, நூல்களிற் படியாமலே, கரண்டி பிடித்த கைகள் கண்டுகொண்டன.

நெகேமியா என்ற பெயர் ஏன்? அந்நூல் நம் வாசகர் பலர் படித்திராதது. பாரசீகப் பேரரசனின் அரண்மனையிற் பணிபுரிந்த யூதன் ஒருவன், இடிந்து கிடந்த எருசலேமுக்குச் சென்று, மக்களைக் கொண்டு மதிலைக் கட்டுகின்றான். பொற்கொல்லரும் தைலக்காரரும் வணிகரும் ஆளுக்கொரு பங்கு கட்டுகின்றனர். ஒருவன் தன் புதல்வியரோடு வந்து கட்டுகின்றான். ஓர் ஊரின் பிரபுக்கள் மட்டும் கழுத்தைக் கொடுக்க மறுத்ததையும் நூல் குறித்துவைக்கின்றது. எனினும் அந்நூலின் உயிர்நாடி மதிலில் இல்லை. பாதி வேலையில் மக்களிடையே பெருங் கூக்குரல் எழுகின்றது. பஞ்சத்துக்காகவும் அரசவரிக்காகவும் வயல்களை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தோம் என்று அவர்கள் தம் இனத்துச் செல்வரையே குற்றஞ் சாட்டுகின்றனர். நெகேமியா மதில் வேலையைக் காரணங்காட்டி அக்குரலை அடக்கவில்லை. தானும் கடன் கொடுத்தோருள் ஒருவன் என்பதை ஒப்புக்கொண்டு, வயல்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்குமாறு செல்வரைச் சபை முன் சத்தியம் செய்விக்கின்றான். கடன் நீங்காத ஊரில் மதில் யாரைக் காக்கும்? இவ்வினாவே நகரப் புத்துயிர்ப்புத் திட்டம் ஒவ்வொன்றின் முன்னும் எழுப்பப்பட வேண்டியது.

இவ்வளவும் கூறியபின், குறைகளை மறைப்பது நேர்மையாகாது. நெகேமியா வீடுகளை வாங்க நிலையான வருமானம் வேண்டும். அது இல்லாத வறியோர் வாசலுக்கு வெளியிலேயே நின்றனர். அடுக்குமாடி எழுந்திருக்கக்கூடிய காணியில் வரிசை வீடு கட்டினால், குறைந்த தொகைக் குடும்பங்களே தங்கலாம் என்ற கண்டனமும் நியாயமானதே. வீட்டு உறுதியைக் கையிற் பெற்றவர், நேற்றுத் தம்மோடு கூட்டத்தில் நின்ற வாடகைக் குடியை இன்று அந்நியராக நோக்கும் அபாயமும் உண்டு. பழைய நூலிலும் இதே நிழல் விழுகின்றது. மதிலைக் கட்டிய நெகேமியா, அயலாருக்கு நகரிற் பங்கில்லை என்கின்றான்; பிற இனத்துப் பெண்களை மணந்தோரைக் கடிந்து தண்டிக்கின்றான். கடனை அழித்த அதே கை எல்லையையும் கீறியது. ஒரு கூட்டத்தின் ஒற்றுமை இன்னொரு கூட்டத்தின் விலக்காக முடியும்போது, உக்கிராணத்தின் திறவுகோல் மீண்டும் சிலர் கைக்குச் சென்றுவிடுகின்றது.

அடிப்படை வினாவும் எஞ்சி நிற்கின்றது. ஆலையை மூடும் உரிமையும் கடன் மறுக்கும் உரிமையும் மூலதனத்தின் கையில் இருக்கும் வரை, சபைகள் ஒரு தெருவை மீட்க இன்னொரு தெரு அழியும். இக்கருத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இதனைக் காரணமாகக் கொண்டு, சமுதாய மாற்றம் வரும் வரை தெருவில் நிற்பவன் காத்திருக்கவேண்டும் என்று கூறுவது, அவன் சார்பிற் பேசுவோரும் அவனிடம் கணக்கொப்புவிக்க மறுப்பதாகும். தொழிலாளரின் பெயரால் திறவுகோலைப் பெற்ற கட்சிகளும் தொழிலாளர்க்குக் கணக்குக் காட்டாது போனதை 20 ஆம் நூற்றாண்டு கண்டது. உக்கிராணக்காரன் காவி உடுத்தாலும் வெள்ளங்கி தரித்தாலும் செங்கொடி பிடித்தாலும் சோதனை ஒன்றே.

அச்சோதனையை லூக்காவின் நூலிலுள்ள கதையொன்று எளிமையாகக் கூறுகின்றது. பொருளை வீணாக்கிய உக்கிராணக்காரனை எசமான் அழைத்துக் கணக்குக் கேட்கின்றான். திருச்சபைகள் பல காலம் இதனை மறுமைக்கு உரிய விசாரணையாகவே போதித்துவந்தன. புரூக்ளினிலும் பால்ரிமோரிலும் எளிய சபையார் செய்த புதுமை, கணக்குக் கேட்கும் நாளை இம்மைக்குக் கொண்டுவந்ததாகும். பொருள் இறைவனுடையதாயின், அவ்விறைவனின் பிள்ளைகள் எனப்படுவோர் அனைவரும் கணக்குக் கேட்க உரியர் என்று அவர்கள் வாதிட்டனர். இறைவனை நம்பாத நாம் அம்முடிவை வேறு வழியால் அடைகின்றோம்: நகரத்தை உழைப்பாற் படைத்தோர் அனைவரும் அதன் கணக்கைக் கேட்க உரியர். வழிகள் வேறாயினும் வந்து சேரும் வாசல் ஒன்றாயின், அவ்வாசலில் ஒருவரையொருவர் அடையாளங் காண மறுப்பதேன்?

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் வாசகர், இனி ஏதேனுமொரு நகரத்தைப் புதுப்பிக்கும் திட்டம் பற்றிக் கேள்வியுறும்போது, திட்டத்தின் அழகையும் அதைத் தீட்டியவரின் நற்பண்பையும் மட்டும் நோக்கி அமைந்துவிடலாகாது. திறவுகோல் யார் கையில்? கணக்குப் புத்தகம் யார் முன் விரிக்கப்படுகின்றது? அதைப் படித்துவிட்டுப் பிழையென்று சொல்லும் துணிவும் உரிமையும் கஞ்சி வரிசையில் நிற்பவளுக்கு உண்டா? இம்மூன்றையும் கேட்டுப் பழகுவோமாக. கேட்கப்படாத கணக்கு எந்த உக்கிராணத்திலும் நேராக இருந்ததில்லை.