இரவுண்ணாமையும் இரவு ஷிப்டும்



நெய்வேலியில் இரவு ஷிப்டு செல்பவர் இரவுண்ணாமையைக் காப்பது எங்ஙனம் என்று இளைஞர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. சுரங்கமும் அனல்மின் நிலையமும் கதிரவனோடு உறங்குவதில்லை. ஆயினும் அங்கே விழித்து நிற்பவரின் உடல் கதிரவனை மறப்பதில்லை.

நம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் உள்ளது. பகலில் அங்கே 'பீரியட்' என்னும் மரபணு முனைந்து செயற்படுகிறது. அதனால் உண்டாகும் புரதம் மெல்லச் சேர்ந்து, தன்னைப் பிறப்பித்த மரபணுவையே அடக்குகிறது. இரவில் அப்புரதம் சிதைந்தபின் மரபணு மீண்டும் எழுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். பழ ஈயில் இவ்வமைப்பைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர்.

இம்மூளைக் கடிகாரத்தைத் திருத்துவது ஒளி. கல்லீரலிலும் இத்தகைய கடிகாரம் உண்டு. அதனைப் பெரிதும் திருத்துவது உணவு வேளை. நள்ளிரவில் உண்டு பழகினால் மூளை ஒரு நேரமும் கல்லீரல் வேறொரு நேரமும் காட்டும். பாஸ்டன் நகரில் 19 பேரை இரவில் விழித்திருக்கச் செய்த ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. இரவில் உண்டோர்க்குக் குருதிச் சர்க்கரை ஏறிற்று. பகலில் மட்டும் உண்டோர்க்கு அவ்வாறு ஏறவில்லை.

விரதத்திற்கு விஞ்ஞானச் சான்று கிடைத்தது என்று துள்ள வேண்டா. இரவுண்ணாமை நம் குருதியின் பொருட்டு எழுந்ததன்று. இருளில் உணவில் வீழும் சிற்றுயிர்களின் பொருட்டு எழுந்தது. நாளை வேறோர் ஆய்வு வேறு கூறினும் அவ்வுயிர்கள் வீழ்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே கதிர் மறையுமுன் உண்டு பணிக்குச் செல்க. கதிர் எழுந்தபின் இல்லம் வந்து உண்க. கொதிகலன் அருகே வியர்த்து நிற்பவர் நீரையும் விலக்க வேண்டும் என்று நான் கூறேன். நீரிழிவு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

இல்லத்தார்க்கும் இதில் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களை ஆராய்ந்து 1981இல் ஒரு செய்தி வெளியிட்டனர். இருட்குகையினுள் அடைபட்ட வௌவால், தன் இனத்தவை வெளியே பறந்து மீளும் சூழலில் நாளொழுங்கைக் காத்தது. அக்கூட்டம் இல்லாதபோது அதன் நேரம் நாள்தோறும் நழுவிற்று. மனிதர் வௌவால் அல்லர்தாம். எனினும் ஷிப்டு செல்பவர் மாலை ஐந்தரைக்குத் தனியே உண்ண, ஏனையோர் எட்டு மணிக்குத் தொலைக்காட்சி முன் உண்பது முறையா? அவ்வாரம் முழுதும் அனைவரும் அவருடன் அமர்க. அவர் பகலில் உறங்கும் அறைச் சன்னலுக்குத் தடித்த திரை இடுக. அந்நேரம் மிக்சியை ஓட்டாதீர்.