கேளாமையும் நாணமும்

மூக்குக் கண்ணாடி அணிந்தவரை உலகம் படித்தவர் என்கிறது. காது கேட்கும் கருவி அணிந்தவரையோ செவிடன் என்கிறது. பாபாசாகேப் சிலைகளில் கண்ணாடியையும் வடித்துப் போற்றுகிறோம். குறை இரண்டிலும் ஒன்றன்றோ?

தறிக்கூடத்து இரைச்சல் 90 டெசிபலைக் கடப்பது. அதில் மடிந்த உட்செவி மயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. நமக்கும் அங்ஙனமே நேர்ந்தது. கருவி வாங்கியும் ஈராண்டு சட்டைப்பையிலேயே வைத்திருந்தோம். தோல் நிறத்தில் செய்தது, தெரியாது என்றார்கள். அது யாருடைய தோலோ!

அந்நாளில் ஓர் அம்மையார், தம் மகனின் நினைவுநாளில் திரிசரணம் ஓத அழைத்தார். செவியில் விழவில்லை, விழுந்ததுபோல் தலையசைத்தோம். அவர் விளக்கேற்றி மாலைவரை காத்திருந்தாராம்.

நாவால் பொய் சொல்லவில்லையே என்று நெஞ்சம் வாதாடியது. நான்காம் சீலம் நாவுக்கு மட்டுமா உரியது? தலையசைப்பும் ஒரு சொல்லே. உயர்ந்தவன் என்னும் எண்ணத்தைப் போலவே தாழ்ந்தவன் என்னும் எண்ணத்தையும் செருக்கென்றே தம்மம் கணிக்கிறது. சாதியோடு அதனைத் துறந்தோம் என மேடைதோறும் முழங்கிய நாம், காதருகே ஒளித்து வைத்திருந்தோம். சாவகர் என்னும் சொல்லுக்குக் கேட்போர் என்பதே பொருள்!

கருவியை அணிந்து அவர் இல்லம் சென்று, நடந்ததை உரைத்து மன்னிப்பு வேண்டினோம்.

“அன்றே சொல்லியிருந்தால் உரக்கச் சொல்லியிருப்பேனே, ஐயா” என்றார்.